ஒரு கட்டைவிரலை மட்டும் வெட்டி எடுத்தால் போதுமா?

“டாக்டர், இந்த எக்ஸ்ட்ரா விரலை மட்டும் எடுத்துவிடலாம்தானே?” கட்டைவிரல் இரண்டாகப் பிறந்த குழந்தையைத் தூக்கி வரும் பெற்றோர் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். நான் எக்ஸ்ரேயைக் காட்டுவேன். அதில் ஒரு முழு விரலும் அதன் பக்கத்தில் வேண்டாத விரலும் இருக்காது. ஒரே கட்டைவிரலாக வரவேண்டியது இரண்டாகப் பங்கு பிரிந்திருக்கும். இரண்டுமே மெலிந்து, நகம் சிறுத்திருக்கும். விரலை விரிக்கும் தசை பெரும்பாலும் வெளிப்பக்க விரலில், அதாவது ஆட்காட்டி விரலிலிருந்து தள்ளியிருக்கும் விரலில், போய் ஒட்டியிருக்கும். மூட்டை வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்கும் தசைநாரும் அதில்தான்.

அதை அப்படியே வெட்டிவிட்டால் தசைநாரும் சேர்ந்து போய்விடும். மிச்சமிருக்கும் விரல் வளர வளரக் கோணிக்கொள்ளும். பென்சிலை அழுத்தினால் மூட்டு பக்கவாட்டில் சாய்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். எங்கோ சின்ன வயதில் ‘சின்ன ஆபரேஷன்’ நடந்திருக்கும். நூலால் இறுக்கிக் கட்டுவதோ இன்னும் மோசம். எலும்பும் மூட்டும் உள்ள விரலில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நாங்கள் வெளிப்பக்க விரலை எடுக்கும் முன், அதன் தசைநாரை எலும்பின் மேலுறையோடு சேர்த்து உரித்து, தங்கப்போகும் விரலில் வைத்துத் தைக்கிறோம். தசையையும் இடம் மாற்றுகிறோம். அகன்ற மூட்டுப்பரப்பைச் செதுக்கி, எலும்பு வளைந்திருந்தால் நிமிர்த்தி, சில வாரங்களுக்கு மெல்லிய கம்பி வைக்கிறோம். பொதுவாக ஒரு வயதை ஒட்டிச் செய்வது நல்லது. இவ்வளவு செய்தும் அந்த விரல் அடுத்த கையின் கட்டைவிரலைவிடச் சற்று மெலிவாகவே இருக்கும். சிலருக்குப் பின்னாளில் இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

நேர்மாறான நிலையும் உண்டு. கட்டைவிரல் தோல் காம்பில் தொங்கும், அல்லது இருக்கவே இருக்காது. அப்படிப்பட்ட குழந்தையின் முன் ஒரு சின்ன மணியை வையுங்கள். ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இடுக்கித்தான் எடுக்கும். தொங்கும் விரலைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஆபரேஷனைப் பற்றிப் பேசும் முன் இங்கே வேறு வேலை இருக்கிறது. கை உருவாகும் கர்ப்பத்தின் முதல் எட்டு வாரங்களில்தான் இதயமும் சிறுநீரகமும் முதுகெலும்பும் வடிவம் பெறுகின்றன. அதனால் எக்கோ, வயிற்று ஸ்கேன், முதுகு எக்ஸ்ரே, ரத்த அணுக்களின் எண்ணிக்கை எல்லாம் பார்க்கிறோம். ஃபான்கோனி ரத்தசோகை என்ற மரபணு நோயில் எலும்பு மஜ்ஜை பழுதாவது பெரும்பாலும் சில வருடங்கள் கழித்துத்தான் தெரியவரும். கட்டைவிரலோ பிறந்த அன்றே காட்டிக்கொடுக்கும். அந்த நோயைக் கண்டறியும் குரோமோசோம் முறிவுப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. (தாய்மார்களே, கர்ப்பம் தெரியவரும் நேரத்தை ஒட்டியே கை உருவாகத் தொடங்கிவிடும். உங்கள் மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள்.)

கட்டைவிரலின் அடிமூட்டு உறுதியாக இருந்தால் சிறுத்த விரலையே பலப்படுத்தலாம். மூட்டே இல்லையென்றால் ஆட்காட்டி விரலைக் கட்டைவிரலாக்குவதுதான் சிறந்த வழி. ‘பொலிசைசேஷன்’ என்பார்கள். தாய் கர்ப்பத்தில் சாப்பிட்ட தாலிடோமைடு மருந்தால் கை பாதிக்கப்பட்டுப் பிறந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்த ஜெர்மானிய மருத்துவர் பக்-கிராம்கோ 1971-இல் வெளியிட்ட முறையை ஒட்டித்தான் இன்றும் செய்கிறோம். விரலை அதன் ரத்தக்குழாய்களோடும் நரம்புகளோடும் எலும்பைக் குறுக்கி இறக்கி, மற்ற விரல்களைப் பார்க்கும்படி திருப்பிவைக்கிறோம். நான்கு விரல்தான் இருக்கும் என்று கேட்டதும் பெற்றோர் கலங்கிப்போவார்கள். அது எனக்குப் புரிகிறது. முடிவெடுக்க அவர்களுக்கு நேரம் கொடுக்கிறேன்.

கட்டுப் பிரித்ததும் முதலில் பந்து, மரக்கட்டை போன்ற பெரிய பொருள்களைக் கொடுக்கச் சொல்வோம். கை அகல விரிந்து பிடிக்கப் பழகியபின், அந்தச் சின்ன மணியை மறுபடி முன்னால் வைப்போம்.