ஒற்றை இலைப் படத்தை நம்பிக் கஷாயம் வைக்காதீர்கள்

தாவரவியலில் ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால் சேலத்தில் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "அப்போ சுகருக்கு என்ன மூலிகைங்க மேடம்?" நான் வைத்தியர் இல்லை. சித்த மருத்துவமும் படித்ததில்லை. என் வேலை வகைப்பாடு. ஒரு செடி எந்தக் குடும்பம், எந்தப் பேரினம், எந்த இனம் என்று உறுதிசெய்வதும், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் எது எங்கே, எந்த மாதம் பூத்துக் காய்க்கிறது என்று பதிவுசெய்வதும்தான். ஆனாலும் வாட்ஸ்அப்பில் வந்து விழும் படங்களில் பெரும்பகுதி மருந்துக் கேள்விகள். உள்ளங்கையில் ஒரே ஓர் இலை, பின்னால் சமையல் மேடை, மேடைமேல் திறந்து வைத்த மிக்ஸி ஜார். "கீழாநெல்லிதானே? சீக்கிரம் சொல்லுங்க, அரைக்கணும்."

சொல்ல முடியாது. கீழாநெல்லி என்று நம் பக்கம் பிடுங்கப்படுவது ஒரே செடி இல்லை. ஃபில்லாந்தஸ் பேரினத்தில் அதே உயரம், அதே சின்ன இலை, இலைக்கு அடியில் வரிசையாகக் காய் என்று அச்சு அசலாக இருக்கும் இனங்கள் பல உண்டு. ஒரே வயல் வரப்பில் இரண்டு மூன்று சேர்ந்தே முளைக்கும். பெரும்பாலும் மருந்துக்கென்று தேடப்படுவது ஃபில்லாந்தஸ் அமாரஸ். அதன் பூவில் இதழ் ஐந்து. பங்காளியான ஃப்ராடெர்னஸில் ஆறு. பூவே ஓரிரு மில்லிமீட்டர்தான், லென்ஸ் இல்லாமல் எண்ணுவது கஷ்டம். யூரினேரியா என்று இன்னொன்று இருக்கிறது: அதன் காய்க்குக் காம்பு இருக்கிறதா என்றே தெரியாது, தோல் சொரசொரப்பாக இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் காயை உடைத்து விதையை மைக்ரோஸ்கோப்பில் வைப்போம். அமாரஸ் விதையின் முதுகில் வரிகள் நீளவாக்கில் ஓடும், யூரினேரியாவில் குறுக்குவாக்கில். ஒரு மில்லிமீட்டர் விதையில் இத்தனை இருக்கிறது என்பது எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை. ஆனால் மிக்ஸி ஜார் படத்தில் அந்த விதை இருப்பதில்லை.

அதற்கும் முந்தின விஷயம் ஒன்று. கீழாநெல்லியைத் தேடுவது பெரும்பாலும் மஞ்சள் காமாலைக்குத்தான். ஆனால் காமாலை என்பது நோயின் அறிகுறி. வைரஸாலும் வரும், பித்தப்பைக் கல் அடைத்தாலும் வரும், சில மாத்திரைகளாலும் வரும். எதனால் வந்தது என்று ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்தான் சொல்லும். அதைச் செய்யாமல் செடியின் பெயரை மட்டும் சரியாகத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

மஞ்சள் கரிசலாங்கண்ணியும் இதே கதைதான், இன்னும் கொஞ்சம் வேடிக்கையாக. மருந்துக்குச் சொல்லப்படும் வெடேலியாவின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும், ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பல் இருக்கும். மாடித்தோட்டக்காரர்கள் எனக்கு அனுப்புவதோ பெரும்பாலும் வேறொன்று: இலை தடித்துப் பளபளக்கும், மூன்று மடலாகப் பிரிந்திருக்கும், பூ பெரிதாக, தரை முழுக்கப் படரும். இது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபாட்டா. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்ற பட்டியலில் இடம்பிடித்த செடி. கண்ணுக்கு நல்லது என்று நம்பி இதைத் தினமும் பொரியல் செய்கிறார்கள். அசோகப் பட்டை என்று நெட்டிலிங்கப் பட்டை விற்கப்படுவதும் பழைய சங்கதி. பள்ளிக்கூட வாசலில் குச்சிபோல் நிற்கும் நெட்டிலிங்கம் சீத்தாப்பழக் குடும்பம். கிளையோடு ஒட்டிக் கொத்தாக ஆரஞ்சு நிறத்தில் பூக்கும் அசல் அசோகு புளிய மரத்தின் குடும்பம். இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

இதுவரை சொன்னவற்றில் தவறினால் பெரும்பாலும் காசும் நாளும்தான் நஷ்டம். உயிர் போகிற இடம் கிழங்கு.

சேலம் மரவள்ளி மாவட்டம். கிழங்கென்றால் தோல் சீவி, ஊறவைத்து, நன்றாக அவித்தால் எதையும் சாப்பிடலாம் என்று இங்கே ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. மரவள்ளிக்கு அது சரி, அதிலிருக்கும் சயனைடு சேர்மம் அப்படித்தான் குறையும். கண்வலிக் கிழங்குக்கு அது செல்லாது. செங்காந்தள் என்று நாம் மாநில மலராகக் கொண்டாடும் அதே கொடியின் கிழங்குதான் இது. இதிலுள்ள கோல்சிசின் கொதிக்கவைத்தாலும் அழியாது. மழைக்காலத்தில் கொடி வேலியில் ஏறிப் பூத்துக் காய்த்து, பிறகு மேலே உள்ளதெல்லாம் காய்ந்து மறைந்துவிடும். கோடையில் யாராவது மண்ணைக் கிளறினால் கிழங்கு மட்டும் கையில் வரும். உண்ணக்கூடிய வள்ளிக் கொடியின் கிழங்கு என்று நினைத்து வேகவைக்கிறார்கள்.

இந்தக் கோல்சிசின் எங்கள் ஆய்வகத்து அலமாரியிலும் இருக்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்குழல்களை இது உருவாகவிடாது. வெங்காய வேர்நுனியை இதில் ஊறவைத்தால் செல்கள் பாதிப் பிரிவில் நின்றுவிடும், குரோமோசோம்களை நிதானமாக எண்ணலாம். குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிப் புது ரகம் உருவாக்குபவர்களுக்கும் இதுதான் கருவி. கவுட் எனும் மூட்டுநோய்க்கு டாக்டர்கள் மிகக் குறைந்த அளவில் கொடுக்கும் மாத்திரையும் இதுவே. கிழங்கைத் தின்று அளவு மீறினால், வேர்நுனியில் செய்யும் அதே வேலையை உடம்பில் எங்கெல்லாம் செல்கள் வேகமாகப் பிரிகின்றனவோ அங்கெல்லாம் செய்யும்: முதலில் குடல், பிறகு எலும்பு மஜ்ஜை. சில மணி நேரம் கழித்து வாந்தி, வயிற்றுப்போக்கு. ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டிலேயே வைத்துப் பார்ப்பார்கள். ஓரிரு நாளில் ரத்த அணுக்கள் சரிந்து, உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். கைவசம் எடுத்துக் கொடுக்க விஷமுறிவு மருந்து கிடையாது.

கொடியில் இலை இருந்தால் அடையாளம் சுலபம். இலையின் நுனியே சுருண்டு, பக்கத்துக் குச்சியைப் பற்றிக்கொண்டிருக்கும். வள்ளிக் கொடியின் இலையில் இது இருக்காது. கிழங்கு ஏர்க்கலப்பைபோல வளைந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள்; கலப்பைக் கிழங்கு என்றே அதற்கு இன்னொரு பெயர். வளைவு தெரியாமல் உடைந்த துண்டு மட்டும் இருந்தால், எந்தப் பேராசிரியர் "பரவால்ல சாப்பிடுங்க" என்றாலும் கேட்காதீர்கள், நான் சொன்னாலும் சேர்த்துத்தான்.

"ஏற்காட்டுல எடுத்த போட்டோங்க" என்று சொன்னால் நான் கேட்கும் கேள்வி, எத்தனையாவது வளைவில்? அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். கீழே முட்புதர்க் காடு, நடுவில் இலையுதிர் காடும் மூங்கிலும், 1,500 மீட்டருக்குப் போனால் மிச்சமிருக்கும் சோலையும் காபித் தோட்டமும். சில நூறு மீட்டர் ஏறினால் செடிகளின் பட்டியலே மாறிவிடும். அதிலும் எது காட்டுச் செடி, எது மனிதன் கொண்டுவந்தது என்று பிரிக்க வேண்டும். காபி எத்தியோப்பியாவுடையது, 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில் இங்கே ஏறியது. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியா. சாலையோரமெங்கும் உண்ணிச்செடி, அமெரிக்கா. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிடு தோட்டத்தில் குடுவைச் செடியைப் பார்த்துவிட்டு "நம்ம மலையில பூச்சி தின்னும் செடி" என்று படம் அனுப்புகிறவர்கள் உண்டு. அது மேகாலயாவின் செடி, இங்கே வளர்க்கப்படுகிறது. நம் மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற மரத்தை ஒருவரும் படம் எடுப்பதில்லை. சாமந்திக் குடும்பத்தில் மரம்! எனக்கு அதுதான் அதிசயம்.

எங்கள் பக்கத்து வேலை மெதுவானது. காப்புக்காட்டில் ஒரு கிளையை வெட்டவும் வனத்துறை அனுமதி வேண்டும் என்பதால் பூக்காலத்துக்கு வெகுமுன்பே விண்ணப்பிக்கிறோம். பூவோ காயோ இல்லாத கிளையைச் சேகரிப்பதில்லை. காய்ந்தால் நிறம், மணம், பால் எல்லாம் போய்விடும், ஆகவே அவற்றை அங்கேயே நோட்டில் எழுதிவிட வேண்டும். பிறகு பழைய தினசரித் தாள்களுக்கு நடுவே விரித்து, பிரஸ்ஸில் இறுக்கிக் கட்டி, முதல் சில நாட்கள் தினமும் தாள் மாற்ற வேண்டும். மலைமேல் மூடுபனியில் மாதிரிகள் காயாது, கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். அதனால் மாலையே கட்டைக் கீழே இறக்கிவிடுகிறோம். சேலத்து வெயிலைத் திட்டாதவர்கள் இந்த ஊரில் நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன். காய்ந்ததை 42க்கு 28 செ.மீ. அட்டையில் ஒட்டி, வலது கீழ் மூலையில் இடம், உயரம், தேதி, சேகரித்தவர் பெயர். அப்புறம் காய்ந்த செடி மாதிரிகளைச் சேர்த்துவைத்திருக்கும் கோயம்புத்தூர் ஹெர்பேரியத்துக்குப் போய், நூறு வருடத்துக்கு முன் வேறு யாரோ இதே மலையில் எடுத்த தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அதற்கப்புறம்தான் பெயர்.

மலைக்கிராமத்து மலையாளிப் பழங்குடிப் பெரியவர்களும் இதையேதான் செய்கிறார்கள். ஒருமுறை அவர்களில் ஒருவரிடம் பூவில்லாத கொடி ஒன்றைக் காட்டிக் கேட்டேன். காம்பை ஒடித்துப் பால் வருகிறதா என்று பார்த்தார், இலையைக் கசக்கி முகர்ந்தார், தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூ வரட்டும் கண்ணு, அப்ப வா, சொல்றேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். படத்தைப் பார்த்துச் செடியை அடையாளம் காட்டும் செல்போன் செயலியோ அரை நொடியில் பெயர் சொல்கிறது. அது தரும் பெயரை ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளலாம், தேடலைத் தொடங்க உதவும். வாயில் போட அது போதாது.

என்னிடம் வருகிறவர்களில் மாணவர்களிடம்தான் எனக்குக் கோபம் வரும். எம்.எஸ்சி. புராஜெக்ட், எலிகளுக்குக் கொடுத்துச் சோதனையெல்லாம் முடிந்திருக்கும். ஜிப்லாக் கவரில் பச்சைப் பொடி. "நாட்டு மருந்துக் கடையில வாங்கினது மேடம், ஆதென்டிகேஷன் லெட்டர் மட்டும் வேணும்." இது இன்ன செடிதான் என்று உறுதிசெய்யும் கடிதம். பொடியாகி வந்ததற்கு நான் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடமாட்டேன். டிஎன்ஏ பார்கோடிங், அதாவது மரபணுத் துண்டை வைத்து இனத்தைக் கண்டுபிடிப்பது, செய்யலாம், ஆனால் அதற்கும் ஒப்பிட்டுப் பார்க்கப் பெயர் உறுதியான மாதிரி வேண்டும், கலப்படமிருந்தால் இன்னும் சிக்கல். செடி எதுவென்று தெரியாமல் வந்த முடிவை வைத்துக் கட்டுரை எழுதினால் அடுத்தவர் எதைத் திரும்பச் செய்து பார்ப்பார்? சோதனை தொடங்கும் முன் பூவோடு ஒரு கிளையைக் கொண்டுவாருங்கள், தாளில் ஒட்டி எண் கொடுத்து வைத்துவிடலாம். லெட்டருக்கு அவ்வளவுதான் தேவை.

மற்றவர்களுக்கு: படம் அனுப்புவதானால் முழுச் செடி, இலை காம்பில் எப்படி அமைந்திருக்கிறது, இலையின் அடிப்பக்கம், பூவும் காயும் கிட்டத்தில், பக்கத்தில் அளவுக்கு ஒரு ரூபாய் நாணயம். எந்த ஊர், வயலா காடா தொட்டியா, கிள்ளினால் பால் வருகிறதா என்றும் எழுதுங்கள். யாராவது தெரியாத செடியைச் சாப்பிட்டுவிட்டால் எனக்கு அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள், மிச்சமிருக்கும் இலை, கிழங்கு, சட்டியில் ஒட்டியதுவரை கவரில் போட்டு நோயாளியோடு கொண்டுபோங்கள். காட்டுக்குள்ளிருந்து எதையும் பிடுங்கி வர வேண்டாம், முக்கியமாக மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிடுகளை. அவற்றின் விதை குறிப்பிட்ட பூஞ்சையின் துணையில்லாமல் முளைக்காது, பிடுங்கிய இடத்தில் இன்னொன்று வருவதற்கு வருடங்களாகும். படமும் எந்த வளைவு என்பதும் எனக்குப் போதும்.