தடைக்காலமும் ஐபிஎல்லும் சேர்ந்து வரும் மாதங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பது நம் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஐபிஎல் மார்ச் கடைசியில் தொடங்கி மே கடைசி வரைக்கும், சில வருடம் ஜூன் தொடும் வரைக்கும் நடக்கும். தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை விசைப்படகில் போகிற ஆண்களுக்கு வேலை இல்லாத மாதங்களும், தினமும் ராத்திரி ஏழரை மணிக்கு மேட்ச் இருக்கும் மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. இதன் விளைவை இந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் மனநல மருத்துவம் பார்க்கும் நான் ஜூன் கடைசியில் பார்க்கிறேன். படகெல்லாம் இறங்கிவிட்டது, இவர் மட்டும் போகவில்லை, தூங்குவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை என்று அம்மாவோ மனைவியோ கூட்டி வருவார்கள். கொஞ்ச நேரம் பேசினால் ஃபேன்டசி கிரிக்கெட் டீம் போட்ட கதை வரும், அதாவது நிஜ மேட்ச்சில் ஆடுகிறவர்களில் 11 பேரை ஆப்பில் தேர்ந்தெடுத்து, அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்த்து, காசு கட்டிப் போட்டி போடுவது. அதற்குப் பின்னால் கடன் வரும். (இங்கே சொல்லும் எதிலும் யாருடைய அடையாளமும் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இவர்களைச் சூதாடி என்ற ஒரு சொல்லில் அடைத்துவிட்டால் எதுவும் புரியாது. பலர் வாழ்நாளில் சீட்டைக் கையால் தொடாதவர்கள். கிரிக்கெட்டை ஆழமாகத் தெரிந்தவர்கள். சேப்பாக்கத்தில் பந்து எப்போது நின்று வரும், எந்த பவுலருக்குக் கடைசி நாலு ஓவரில் பந்து கிடைக்கும், எந்த இடக்கை பேட்ஸ்மேன் ஆஃப் ஸ்பின்னிடம் திணறுவார் என்று என்னிடமே விளக்கிச் சொல்வார்கள், அதில் பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். என் அனுபவத்தில் ஒன்றும் தெரியாமல் ஆடுகிறவன் ஒரு மாதத்தில் சலித்து விலகிவிடுகிறான். நன்றாகத் தெரிந்தவன்தான் மாட்டிக்கொள்கிறான். தோல்வி அவனுக்குத் தோல்வியாகத் தெரிவதில்லை, சின்னக் கணக்குப் பிழையாகத் தெரிகிறது, பிழை என்றால் நாளைக்குத் திருத்திவிடலாம் அல்லவா?

"டாக்டர், 11 பேருல 9 பேரு கரெக்டா எடுத்துருந்தேன். கேப்டன மட்டும் மாத்தியிருந்தா போதும்." இந்த வாக்கியத்தை வெவ்வேறு குரல்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அது ஏன் இவ்வளவு பொதுவாக வருகிறது என்பதை ஒரு கணக்கு சொல்லும். இரண்டு அணியிலும் சேர்த்து 22 பேர், அதில் 11 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு கட்டுப்பாடே இல்லை என்று வைத்துக்கொண்டால் இதற்கு 7,05,432 வழிகள் இருக்கின்றன. கேப்டனுக்கு இரண்டு மடங்கு புள்ளி, வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. அதே 11 பேரை வைத்துக்கொண்டு இந்த இருவரை மட்டும் மாற்றி மாற்றி 110 டீம் போடலாம். ஆக மொத்தம் ஏழே முக்கால் கோடிக்கும் மேல். கிரெடிட் (ஒவ்வொரு வீரருக்கும் வைத்திருக்கும் விலைப் புள்ளி), விக்கெட் கீப்பர், ஆல்ரவுண்டர் என்ற விதிகள் இதைக் குறைக்கும், ஆனாலும் பல லட்சங்களுக்குக் குறையாது. இதில் உண்மையான அறிவு உள்ளவன் செய்யக்கூடியது மோசமான டீம்களைக் கழிப்பது மட்டும்தான். மிச்சமிருக்கும் நல்ல டீம்களில் எது இன்றைக்கு முதலில் வரும் என்பது ஒரு கேட்ச் நழுவுவதிலும் ஒரு ரன் அவுட்டிலும் இருக்கிறது. 11 பேரும் சரியாக அமைந்த அன்றைக்குக்கூட 110-இல் ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும். அதனால் 'கொஞ்சத்தில் போச்சு' என்ற உணர்வு தப்பித் தவறி வருவதில்லை, ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது, கிட்டத்தட்ட தினமும் வரும். மயிரிழையில் தவறிய தோல்வி, அடியோடு தோற்றதைவிட மறுபடி ஆடத் தூண்டும் என்பது சூதாட்டம் பற்றிய ஆய்வுகளில் வெகுகாலமாகத் தெரிந்த விஷயம்.

"ஆனா கோர்ட்டே இது திறமைன்னு சொல்லிருச்சே?" என்பார்கள். உண்மைதான், 2017-இல் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. சட்டத்துக்கு அந்தக் கேள்வி முக்கியமாக இருந்தது, மூளைக்கு முக்கியமில்லை. காசு வைத்து, முடிவு நிச்சயமில்லாமல் காத்திருந்து, எப்போதாவது ஒரு தடவை ஜெயித்தால் போதும், பழக்கம் ஊறிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, அதில் சூதாட்டக் கோளாறு அடிமைப்படுத்தும் நடத்தைகளின் கீழ் வருகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-லேயே இதை மதுவும் போதைப்பொருளும் இருக்கும் அத்தியாயத்துக்கு மாற்றிவிட்டது. பண விஷயத்திலும் ஆடுகிறவன் பக்கம் சாய்வாக எதுவும் இல்லை. எல்லோரும் கட்டும் பணத்தில் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம்தான் பரிசு. 2023 அக்டோபரிலிருந்து போடுகிற பணத்துக்கே 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது, நிகரமாக ஜெயித்தால் அதில் 30 சதவீதம் வரி பிடித்துக்கொண்டார்கள். இத்தனையையும் தாண்டி வருடம் முழுக்க லாபத்தில் நிற்கும் அளவுக்கு யாருக்குக் கிரிக்கெட் தெரியும்?

நம் கரைக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. கடலுக்குப் போகிறவர் வெறுங்கையோடு திரும்புவதைப் பழகியவர். டீசல் காசுகூடத் தேறாத நாள் இருக்கும், மறுநாள் போவார், ஒரு நாள் நல்ல மீன்பாடு கிடைத்து முந்தின நஷ்டமெல்லாம் அடைபடும். விடாமல் போவது அங்கே பிழைக்கும் வழி, தலைமுறை தலைமுறையாக வந்த தைரியம். அந்த மனதை அப்படியே தூக்கி செல்போனுக்குள் வைத்தால், விட்டதைப் பிடிக்கும் வெறியாக அது மாறிவிடுகிறது. விட்டதைப் பிடிக்கப் போவதுதான் இந்த நோயின் முதுகெலும்பு. அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அது வந்த வாரத்திலேயே போய்விட்டதைப் பார்த்திருக்கிறேன். அடுத்து படகு முதலாளியிடம் முன்பணம், அப்புறம் மனைவி கடல்பாசி எடுத்துச் சேர்த்தது, மகளிர் குழுக் கடன், கடைசியில் லோன் ஆப்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது எவ்வளவு நேரம் மேட்ச் பார்க்கிறார் என்பதை அல்ல. டாஸ் போடுவது ஏழு மணிக்கு, மேட்ச் ஏழரைக்கு. யார் யார் ஆடுகிறார்கள் என்று தெரிந்து டீமை மாற்ற அந்த அரை மணி நேரம்தான் இருக்கும். அந்த நேரத்தில் மட்டும் யார் கூப்பிட்டாலும் எரிந்து விழுகிறாரா, அவசரமாக யாரிடமாவது 500, 1,000 அனுப்பச் சொல்கிறாரா, அம்மாவின் ஆதாரிலோ தம்பியின் சிம்மிலோ இன்னொரு கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தாய் சொன்னது எனக்கு மறக்கவே இல்லை. "எம்புள்ள சின்னதுலேருந்து சென்னைக்காரந்தான் சார், அன்னைக்கு சென்னை விக்கெட் விழுந்ததுக்குக் கை தட்டுறான், அப்பவே எனக்குச் சரியில்லைன்னு பட்டுச்சு." எந்தக் கேள்வித்தாளும் இதைவிட நன்றாகக் கண்டுபிடிக்காது. எதிரணி பவுலரைக் கேப்டனாகப் போட்டிருந்தால் சொந்த அணி தோற்பது லாபம். பிடித்த விளையாட்டே அவன் கையைவிட்டுப் போய்விட்டது.

2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்தது. திறமையா அதிர்ஷ்டமா என்று அந்தச் சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. நடத்துகிறவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம், விளம்பரம் செய்தாலும் தண்டனை உண்டு, ஆடுகிறவருக்குத் தண்டனை கிடையாது. பெரிய நிறுவனங்கள் காசு கட்டும் போட்டிகளை நிறுத்திவிட்டன. இது நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன், ஆனால் பிரச்சினை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. எங்கோ வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் பந்தய ஆப்பின் லிங்க் டெலிகிராமில் வருகிறது, தெருப் பையன்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஆளுக்கு 50 ரூபாய் அட்மினுக்கு அனுப்புகிறார்கள், 'இன்றைய வின்னிங் டீம்' என்று காசுக்கு டீம் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். நிச்சயமாக ஜெயிக்கும் டீம் ஒருவரிடம் இருந்தால் அவர் அதை ஏன் உங்களுக்கு விற்க வேண்டும்?

நண்பர்கள் சேர்ந்து காசில்லாமல் டீம் போடுவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. எட்டுப் பேர் உட்கார்ந்து முறை வைத்து வீரர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒருவர் எடுத்தவரை இன்னொருவர் எடுக்கக் கூடாது, அடுத்த சுற்றில் கடைசி ஆளிலிருந்து தொடங்குங்கள், சீசன் முழுக்க அதே டீம்தான் என்று வையுங்கள். தினமும் ஏழு மணிக்கு வரும் அந்தப் பதற்றம் இதில் வராது, தெரிந்த கிரிக்கெட்டைப் பேசித் தீர்க்கவும் இடம் உண்டு. ஆனால் ஏற்கெனவே பணம் இழந்து மீண்டு வருகிறவருக்கு இதுவும் முதல் சீசனில் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். டீம் லிஸ்ட்டைப் பார்த்தாலே கை பரபரக்கும் என்று அவர்களே சொல்கிறார்கள்.

தெரியவந்தவுடன் குடும்பம் செய்யும் முதல் காரியம் நகையை வைத்து முழுக்கடனையும் அடைப்பது. பாசத்தில் செய்வதுதான், எனக்குப் புரிகிறது, ஆனால் கடன் ஒரே நாளில் மறைந்துவிட்டால் கை சுத்தமாகிவிட்டது, மறுபடி ஆடலாம் என்றே அந்த மனது எடுத்துக்கொள்ளும். யார் யாருக்கு எவ்வளவு என்று எல்லோர் முன்னாலும் எழுதி, வட்டி கூடியதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அடையுங்கள். ஏடிஎம் கார்டும் யுபிஐயும் சில மாதம் மனைவியிடமோ அம்மாவிடமோ இருக்கட்டும். எங்கள் பக்கம், எந்த எண்ணம் வந்தவுடன் கை போனுக்குப் போகிறது என்று கண்டுபிடித்து அதை உடைக்கும் பேச்சு சிகிச்சை உண்டு, கூடவே மனச்சோர்வு இருந்தால் மருந்தும் உண்டு.

மனநலப் பிரிவுக்கு வர நம் மாவட்டத்தில் இருக்கும் தயக்கம் எனக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்த ஊர்ப்பக்கம் இது, மனநோய் என்றாலே அந்தச் சங்கிலிதான் இன்னும் பலர் கண்ணில் வருகிறது. இங்கே யாரையும் கட்டிப் போடுவதில்லை, பெரும்பாலோரைப் படுக்கையில் சேர்ப்பதுகூட இல்லை, பேசிவிட்டு வீட்டுக்குத்தான் போகிறார்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு போட்டுக்கொண்டு வாருங்கள். உடனே வர முடியாவிட்டால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். ஆப்பிலோ லிங்க்கிலோ ஏமாற்றப்பட்டுப் பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அன்றைக்கே சொல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வந்திருந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம், தனியே விடாமல் அந்த ராத்திரியே அவசரப் பிரிவுக்குக் கூட்டி வாருங்கள். மற்றபடி வரும்போது பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு வாருங்கள். வெட்கப்பட்டு ஆப்பையெல்லாம் அழித்துவிட்டு வருகிறார்கள், வேண்டாம், போனை இருக்கிறபடியே கொண்டு வாருங்கள், எப்போது எவ்வளவு போனது என்பதை உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.