அது கேக்டஸ் இல்லை, கள்ளி

இந்த மழைக்காலத்தில் கண்ணில் கள்ளிப்பால் பட்டு என்னிடம் வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். என் நர்சரியில் அடிக்கடி செடி வாங்கும் தம்பி ஒருவர், போன வாரம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். “அண்ணே, கேக்டஸ் அடியில அழுகிடுச்சு, வெட்டி விட்டேன். ஏதோ கண்ணுல தெறிச்சுது. துடைச்சிட்டுப் படுத்துட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்குக் கண்ணத் திறக்க முடியல.”

போனில் படத்தைக் காட்டினார். முப்பட்டைத் தண்டு, விளிம்போடு சின்னச் சின்ன இலைகள். யூபோர்பியா ட்ரைகோனா, அதாவது பால் வடியும் கள்ளி இனம். வேறு கடையில் வாங்கியது. அங்கே ‘கதீட்ரல் கேக்டஸ்’ என்று சீட்டு ஒட்டியிருந்ததாம்.

இந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. கோஸ்ட் கேக்டஸ், கோரல் கேக்டஸ், பென்சில் கேக்டஸ் என்று விற்கிறார்களே, அவற்றில் ஒன்றுகூட கேக்டஸ் இல்லை. எல்லாமே யூபோர்பியா. அந்தப் பென்சில் கேக்டஸ் வேறு எதுவுமில்லை, நம் ஊர் வேலியில் நிற்கும் திருகுகள்ளிதான். கோரல் கேக்டஸ் என்பது பெரும்பாலும் கொண்டை விரித்த ஒரு கள்ளியை இலைக்கள்ளியின் மேல் ஒட்டுக்கட்டியது. ஊரில் கள்ளி ஒடிக்கும்போது “பால் படாமப் பாத்துக்கோ” என்று எச்சரிக்கும் அதே குடும்பம், அதையே பீங்கான் தொட்டியில் வாங்கி வந்து கணினி மேசையில் வைத்தால் பாலை மறந்துவிடுகிறது. பெயர் மாறியதும் பயமும் போய்விடுகிறது.

தமிழிலும் ஒரு குழப்பம் உண்டு. சப்பாத்திக்கள்ளிக்குக் கள்ளி என்று பெயர் இருந்தாலும் அதுதான் நிஜமான கேக்டஸ், அமெரிக்காவிலிருந்து வந்தது. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி மூன்றும் பால் உள்ளவை. பிரித்தறிய முள்ளின் அடியைப் பாருங்கள். கேக்டஸில் முள், பஞ்சு போன்ற ஒரு சிறு திட்டிலிருந்து கிளம்பும். ட்ரைகோனா, சதுரக்கள்ளி மாதிரியானவற்றில் அந்தப் பஞ்சு இருக்காது. முள் இரண்டிரண்டாக நிற்கும். பாலை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், கேக்டஸான மாமில்லேரியாவில் சில வகைகளுக்கும் பால் உண்டு.

கள்ளிப்பால் என்றால் என்னவென்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும், அதைக் கற்றாழை மாதிரி முகத்தில் பூசலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், தயவுசெய்து வேண்டாம்.

சரி, அந்தச் செடி ஏன் அழுகியது? தண்ணீர்தான். அழுகாவிட்டால் வெட்ட வேண்டிய வேலையே வந்திருக்காது. நர்சரிகளில் இவற்றைத் தேங்காய் நார்க்கழிவில் வைத்து அனுப்புகிறார்கள், ஏற்றி இறக்க லேசாக இருக்கும் என்பதால். வீட்டுக்குள் அது நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வாங்கி இரண்டு வாரம் கழித்து மாற்றுங்கள்: பாதி செம்மண், பாதி கரடுமுரடான மணல், ஒரு கைப்பிடி மக்கிய உரம். தொட்டிக்கு அடியில் ஓட்டை கட்டாயம் வேண்டும். ஒரு ஈர்க்குச்சியை ஆழமாகச் செருகி எடுங்கள், ஈர மண் ஒட்டி வந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். கோடையில் பத்து நாளுக்கு ஒரு முறை போதும். ஐப்பசி, கார்த்திகையில் ஏறக்குறைய நிறுத்தியே விடலாம். கிழக்குப் பார்த்த ஜன்னல் நல்லது. வெளிச்சம் போதாவிட்டால் நுனி மெலிந்து நீளும். அதற்காக ஒரே நாளில் சித்திரை வெயிலுக்குத் தூக்கிப் போனால் தோல் வெந்துவிடும், அந்தத் தழும்பு போகாது. இடம் மாறியதும் இலை கொட்டினால் பயப்படாதீர்கள். தண்டு கெட்டியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போடாமல் கத்தியை எடுக்காதீர்கள். செடி முகத்துக்குக் கீழே இருக்கட்டும். குழந்தைகளும் நாயும் அறைக்கு வெளியே. பழுப்பு வளையம் தெரியாத சுத்தமான தண்டு வரும்வரை மேலே மேலே வெட்டி, வெட்டுவாயில் தண்ணீர் தெளித்தால் பால் நிற்கும். துண்டை ஒரு வாரம் நிழலில் காயவிட்டு அப்புறம் நடுங்கள். கத்தி, மேசை, கை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவும்வரை கண்ணைக் கசக்க வேண்டாம். தம்பி செய்த தவறு அதுதான்: தெறித்தது ஒரு துளி, துடைத்தது பால் ஒட்டிய கையால்.

கண்ணில் பட்டுவிட்டால் தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் எதுவும் விடாதீர்கள். குழாயடியில் கண்ணைத் திறந்து வைத்து இருபது நிமிடம் கழுவுங்கள். எரிச்சல் குறைந்துவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். கருவிழியில் பட்ட புண் சில மணி நேரம் கழித்துத்தான் முழு வலியைக் காட்டும். அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். செடியின் படத்தைக் காட்டி, “கேக்டஸ்” என்று சொல்லாமல் “கள்ளிப்பால் பட்டது” என்று சொல்லுங்கள்.