ஒமேகா-3: சொல் விளக்கம்

மீன் எண்ணெய் மாத்திரை டப்பாவில் கொட்டை எழுத்தில் இருக்குமே, அந்த ஒமேகா கிரேக்க அரிச்சுவடியின் கடைசி எழுத்து. 'பெரிய ஓ' என்று பொருள்.

கொழுப்பு அமிலம் ஒரு கார்பன் சங்கிலி. அதன் தலையில் அமிலத் தொகுதி இருக்கும்; வேதியியலார் வழக்கமாக அங்கிருந்துதான் எண்ணுவார்கள். வால் முனைக்குப் பெயர் ஒமேகா. வாலிலிருந்து எண்ணி, மூன்றாவது கார்பனில் முதல் இரட்டைப் பிணைப்பு வந்தால் ஒமேகா-3. ஆறாவதில் வந்தால் ஒமேகா-6. 1960களில் இந்த முறையைக் கொண்டுவந்தவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ரால்ஃப் ஹோல்மன். ஏன் வாலிலிருந்து? நம் உடல் சங்கிலியை நீட்டுவதும் புதிய இரட்டைப் பிணைப்பு போடுவதும் தலைப் பக்கத்தில்தான். ஆளி விதையில் உள்ள 18 கார்பன் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம், மூளையில் நிறைந்திருக்கும் 22 கார்பன் டிஹெச்ஏ (DHA) என்ற கொழுப்பு அமிலமாக மாறினாலும் வால் அப்படியே இருக்கும்; அதனால் இரண்டும் ஒமேகா-3 தான். ஆனால் அந்த மாற்றம் நம் உடலில் மிகக் கொஞ்சமே நடக்கிறது. மத்தி, கானாங்கெளுத்தி சாப்பிட்டால் டிஹெச்ஏ நேராகவே கிடைத்துவிடும்.

ஒமேகா-6 வகையில் அராக்கிடோனிக் அமிலம் முக்கியமானது. நிலக்கடலையின் தாவரப் பெயரான அராக்கிஸ்தான் இதற்கு வேர். வேடிக்கை என்னவென்றால், கடலை எண்ணெயில் இந்த அமிலம் கிடையாது! அழற்சியை, அதாவது உடலில் சிவந்து வீங்கிச் சூடாகும் எதிர்வினையை, கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருட்கள் அராக்கிடோனிக் அமிலத்திலிருந்துதான் உருவாகின்றன. டிஹெச்ஏவிலிருந்து உருவாகும் ரிசால்வின், புரொடெக்டின் போன்றவை அழற்சியை அடக்குகின்றன. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவை டிஹெச்ஏ அமைதிப்படுத்துவது ஆய்வகத்தில் தெரிகிறது. மனிதர்களுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த சோதனைகளில் முடிவு ஒரே மாதிரி வரவில்லை. அதற்காக ஒமேகா-6 கெட்டது என்று ஒதுக்கவும் கூடாது. அந்த வகையைச் சேர்ந்த லினோலெயிக் அமிலம் இல்லாமல் தோல்கூட நலமாக இருக்காது.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? ஒமேகா ஒரு குறியீடு. ஆல்ஃபா, பீட்டா போல அப்படியே வைத்துக்கொண்டு 'ஒமேகா-3 கொழுப்பு அமிலம்' என்றால் போதும். இலங்கையில் 'கொழுப்பமிலம்' என்று சேர்த்தே எழுதுவார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். 'அழற்சி' அழல், அதாவது நெருப்பு, என்பதிலிருந்து வந்தது. 'இன்ஃப்ளமேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கும் தீச்சுடர் என்றே பொருள். 'மூளை அழற்சி' என்று மட்டும் எழுதினால் குழப்பம் வரும். அது வைரஸ் போன்றவற்றால் திடீரென வரும் மூளைக்காய்ச்சலைக் குறிக்கும். கொழுப்பு அமில ஆய்வுகளில் பெரும்பாலும் பேசப்படுவது நாள்பட்ட, மெல்லிய அழற்சி. அதை 'நரம்பு மண்டல அழற்சி' என்று எழுதலாம்.