கல்ட் என்பது ‘வழிபாட்டு முறை’ அல்ல

‘சில்ட்ரன் ஆஃப் தி கார்ன்’ என்ற அமெரிக்கத் திகில் படத்தின் இரண்டாம் பாகத்தைப் போன வாரம் தமிழ் சப்டைட்டிலோடு பார்த்தேன். “அந்த வழிபாட்டு முறையிலிருந்து தப்பித்து வந்திருக்கிறார்கள்” என்று ஒரு வரி ஓடியது. பக்கத்தில் இருந்த அக்கா மகன் கேட்டான்: “முறையிலேர்ந்து எப்படி மாமா தப்பிக்கிறது?” என்னிடம் பதில் இல்லை. ஆங்கிலத்தில் கல்ட் (cult) என்று வந்த இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வழிபாட்டு முறை என்று போடுவதை எத்தனை படத்தில்தான் பொறுத்துக்கொள்வது?

வேரை முதலில் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘கோலெரே’ என்றால் நிலத்தைப் பண்படுத்துவது, பேணுவது, குடியிருப்பது, தெய்வத்தைத் தொழுவது. அதிலிருந்து ‘கல்டுஸ்’, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு கல்ட். கல்ச்சர், அக்ரிகல்ச்சர், காலனி எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள். நாமும் பண்படுத்துவதையும் பண்பாட்டையும் ஒரே வேரில்தானே வைத்திருக்கிறோம். இந்தப் படத்துக்கு இது வேடிக்கையாகப் பொருந்துகிறது. நெப்ராஸ்காவில் கேட்லின் என்ற ஊரில் பிள்ளைகள் பெரியவர்களையெல்லாம் கொன்றுவிட்டு மக்காச்சோளக் கொல்லையையே கோயிலாக்கிக்கொள்கிறார்கள். பயிரும் கும்பிடும் ஒரே இடத்தில்.

ஆகவே பழைய பொருளில் வழிபாடு சரிதான். கண்ணகி வழிபாடு, நடுகல் வழிபாடு என்று ஆய்வாளர்கள் எழுதுவதில் குறையே இல்லை. சோவியத் தலைவர் ஸ்டாலின் பற்றிய பேச்சில் வரும் ‘தனிநபர் வழிபாடு’கூட நன்றாக நிற்கிறது. ஆனால் இன்றைக்குக் கல்ட் என்றால் ஆட்கள். ஒரு தலைவன், அவன் சொல்லே வேதம், உள்ளே போனவர் வெளியே வர முடியாது. 1978 நவம்பர் 18 அன்று கயானாவின் ஜோன்ஸ்டவுனில் ஜிம் ஜோன்ஸ் என்ற தலைவனின் ஆட்கள் 900 பேருக்கு மேல் விஷத்தில் செத்தார்களே, அது ஒரு ‘முறை’யா? முறைக்குத் தலைவன் உண்டா? முறை விஷம் குடிக்குமா?

சரி, மாற்றுச் சொல் என்ன? நண்பர் ஒருவர், மொழிபெயர்ப்பை வைத்தே பிழைப்பவர், ‘மறைக்குழு’ என்று ஒன்றை வைத்திருக்கிறார். கூப்பிட்டுக் கேட்டால் அரை மணி நேரம் அதற்காக வாதாடுவார். எனக்கு அது அறவே ஒப்பவில்லை. கிறித்தவத் தமிழில் மறைமாவட்டம், மறையுரை, மறைக்கல்வி எல்லாம் புழங்குகின்றன. மறைக்குழு என்றால் பங்குத்தந்தை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டுகிற கமிட்டி என்றுதான் பாதிப் பேர் நினைப்பார்கள். “இல்லை, மறைந்து இயங்கும் குழு என்ற பொருளில்” என்றார். அப்படியானால் வினைத்தொகை, ஒற்று மிகாது, மறைகுழு என்றுதான் வரவேண்டும். ஒரு ‘க்’ இருந்தால் வேதம், எடுத்துவிட்டால் தலைமறைவு! இன்றைக்கு ஒற்றைப் பார்த்துப் பொருள் பிரிக்கிறவர் எத்தனை பேர்? சப்டைட்டில் எழுதுகிறவர்களே ஒற்றைக் கறிவேப்பிலைபோல ஒதுக்கிவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல், கல்ட் மறைந்தா இருக்கிறது? இந்தப் படத்தில் மைக்கா என்ற பையன் கொல்லையில் நின்று பிரசங்கமே பண்ணுகிறான். பக்கத்து ஊர்க்காரர்கள் இரக்கப்பட்டுத் தங்கள் வீட்டிலேயே வைத்துச் சோறு போட்ட பிள்ளைகள் இவர்கள். பட்டப்பகலில் கண்ணெதிரே திரிகிறார்கள். பயமே அதில்தான் இருக்கிறது.

‘குறுங்குழு’ என்பாரும் உண்டு. அது இடதுசாரிகள் கட்சிக்குள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ள எடுத்துக்கொண்ட சொல். தவிர, டோக்கியோ சுரங்க ரயிலில் 1995இல் சரின் வாயுவை விட்ட ஓம் ஷின்ரிக்கியோவில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருந்தார்கள். குறுகியது எண்ணிக்கை அல்ல, புத்தி.

‘வசியக் கூட்டம்’ என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். எல்லாருக்கும் புரியும். ஆனால் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ‘ஆண் பெண் வசியம்’ என்று ஒட்டியிருப்பது உடனே ஞாபகம் வந்துவிடும். இப்போது எனக்குப் பிடித்திருப்பது ‘மருட்கூட்டம்’. மருள் என்றால் மயக்கம், தெளிவின்மை, தெருளுக்கு எதிர். கோயில் கொடையில் சாமி வந்து ஆடுகிறவரை மருளாளி என்கிறோமே, அந்தச் சாயலும் ஒட்டிக்கொண்டு வரும். அவரை அவமதிப்பது ஆகாதா என்று அக்கா கேட்டாள். அவருக்கு விடிந்தால் மருள் இறங்கிவிடும், இவர்களுக்கு இறங்குவதே இல்லை என்றேன். அவள் முழுதாக ஏற்கவில்லை. கட்டுரைக்கு மருட்கூட்டம், திரையில் வெறும் ‘கூட்டம்’ போதும். “அந்தக் கூட்டத்துலேர்ந்து தப்பிச்சு வந்தவன்” என்றால் பையன் கேள்வியே கேட்டிருக்க மாட்டான்.

மற்ற வரிகளையும் சொல்லாமல் விட மனமில்லை. பிள்ளைகள் கும்பிடுகிற அந்தப் பேயின் பெயர் ‘வரிசைகளுக்குப் பின்னால் நடப்பவர்’ என்று வந்தது. ரேஷன் கடையில் நிற்கிறவர் மாதிரி இல்லை? பார் பிடித்து, சால் விட்டு நடுகிற எந்த விவசாயியைக் கேட்டிருந்தாலும் ‘சாலுக்குப் பின்னே நடக்கிறவன்’ என்று சொல்லியிருப்பார். மக்காச்சோளம் முழுக்க வெறும் சோளமாகிவிட்டது. இரண்டும் வேறு வேறு பயிர் என்று தெரிந்துகொள்ள ஒரு நடை சந்தைக்குப் போனால் போதும். படத்தின் துணைப்பெயரான ‘தி ஃபைனல் சாக்ரிஃபைஸ்’ என்பதில் இருக்கும் பலி, ‘இறுதித் தியாகம்’ ஆகியிருந்தது. கழுத்தறுபட்டவன் தியாகியா? அந்த ‘இறுதி’யாவது நிஜமா என்றால் அதுவும் இல்லை. 1995இல் மூன்றாம் பாகம் வந்துவிட்டது.