நீரிழிவு: இதில் இழிவு எங்கே?

நீரிழிவு என்று எழுதினால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். 'இழிவு' காதில் உறுத்துகிறதாம். பாவம், அந்தச் சொல் ஒரு குற்றமும் செய்யவில்லை. இழிதல் என்றால் இறங்குதல், வழிதல். திருமுருகாற்றுப்படையின் இறுதியில் பழமுதிர்சோலை அருவி 'இழுமென இழிதரும்'. அருவிக்கு அதில் என்ன அவமானம்? மேலிருந்து இறங்குவது என்ற பொருளோடுதான் தரம் தாழ்வது என்பதும் ஒட்டிக்கொண்டது. 'தலையின் இழிந்த மயிர்', 'நிலையின் இழிந்தக் கடை' என்று வள்ளுவர் இரண்டையும் ஒரே குறளில் (964) வைத்திருக்கிறார். நீரிழிவு என்றால் சிறுநீர் மிகுதியாக இறங்கிப் போவது, அவ்வளவுதான்.

டயாபடீஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கும் ஊடே கடந்து செல்வது என்றே பொருள். அதனுடன் சேரும் மெலிட்டஸ் லத்தீன், தேன்போல் இனிப்பது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் நோயாளியின் சிறுநீர் இனிப்பதை எழுதிவைத்தார். நம் நாட்டு மருத்துவம் வெகுகாலம் முன்பே மதுமேகம் என்றது. மது தேன், மேகம் வானத்தில் மிதப்பதல்ல, சிறுநீரைக் குறிக்கும் வடசொல். இலங்கைத் தமிழர் வாயில் சலரோகம்.

நீர் ஏன் இழிகிறது? சிறுநீரகம் வடிகட்டிய குளுக்கோஸை வழக்கமாக முழுவதும் மீட்டு ரத்தத்துக்கே அனுப்பிவிடும். ரத்தத்தில் அது டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் மீட்க முடியாமல் சிறுநீரில் தங்கிவிடுகிறது. தங்கியது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் அடிக்கடி சிறுநீர், தீராத தாகம். சர்க்கரை அந்த அளவுக்குக் கீழே இருக்கும்போதும் நோய் இருக்கலாம். அப்போது நீர் இழியாது, பெயர் பொருந்தாது. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

பேச்சில் சர்க்கரை நோய் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் டயாபடீஸ் இன்சிபிடஸ் என்று இன்னொன்று இருக்கிறது. இன்சிபிடஸ் என்றால் சுவையற்றது. வாசோபிரஸின் என்ற ஹார்மோன் போதாமலோ, சிறுநீரகம் அதற்கு இணங்காமலோ நீர் கட்டுக்கடங்காமல் போகும். சர்க்கரைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 'சர்க்கரையில்லாச் சர்க்கரை நோய்' என்றா எழுதுவது? இங்கே நீரிழிவுதான் கைகொடுக்கும். மருத்துவமனைகளிலேயே இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதால் 2022இல் வல்லுநர் குழு ஒன்று இதற்கு வாசோபிரஸின் பெயரிலேயே புதுப்பெயர் பரிந்துரைத்தது. டயாபடீஸ் என்ற சொல் அதில் இல்லை.