“நல்லாத்தானே சாப்பிடுறான், டாக்டர்?”

போன வாரம் ஒரு கால்பந்து வீரன் வந்தான். 19 வயது, நடுக்களத்தில் ஆடுபவன். ஒன்றரை வருடத்தில் மூன்றாவது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது ஓயாத அழுத்தத்தால் எலும்பில் விழும் விரிசல். முதல் இரண்டும் முழங்காலுக்குக் கீழே. இந்த முறை தொடை எலும்பின் கழுத்தில். எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு அந்த இடத்தைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். கூட வந்த கோச்சின் கையில் தடிமனான ஃபைல். எக்ஸ்ரே, எம்ஆர்ஐ, வைட்டமின் டி, கால்சியம் எல்லாம் இருந்தன. பூட்ஸின் அடிப்பாகம் தேய்ந்த விதம் பற்றிக்கூட ஓர் அறிக்கை இருந்தது. பையன் என்ன சாப்பிடுகிறான் என்று மட்டும் ஒரு வரி இல்லை.

கேட்டேன். “அதெல்லாம் நல்லாத்தான் சாப்பிடுறான் டாக்டர். டயட் விஷயத்துல எங்க டீம்லயே இவன்தான் பெர்ஃபெக்ட்” என்றார் பெருமையாக.

கோச்சை வெளியே உட்காரச் சொன்னேன். (சக மருத்துவர்களே, தயவுசெய்து இதைச் செய்யுங்கள். கோச் பக்கத்தில் இருக்கும்போது எந்தப் பையனும் வாய் திறக்க மாட்டான்.) பத்து நிமிடம் மௌனம். பிறகு போனை எடுத்து என் பக்கம் நீட்டினான். தேதிவாரியாக ஓர் அட்டவணை. எழுந்தவுடன், பயிற்சிக்கு முன், பயிற்சிக்குப் பின், தூங்கும் முன் என்று தினமும் நான்கு முறை எடை, இரண்டு வருடத்துக்கு. ஒரே ஒரு நாளில் மட்டும் மூன்று கட்டங்கள் காலியாக இருந்தன.

“அன்னைக்கு என்னப்பா?”

“தாத்தா இறந்த அன்னைக்கு, டாக்டர். ஆனா நைட்டு போட்டிருக்கேன், பாருங்க.”

இரண்டு வருடத்துக்கு முன் சீசன் தொடங்கும்போது எல்லோருக்கும் ஸ்கின்ஃபோல்ட் (தோல் மடிப்பைப் பிடித்து உடல் கொழுப்பை அளப்பது) எடுத்து, பெயரோடு உடைமாற்றும் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். இவன் கடைசியிலிருந்து மூன்றாவது. யாரோ பேனாவால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தொப்பை வரைந்து வைத்தார்களாம். எல்லோரும் சிரித்தார்கள். “நானும் சிரிச்சேன், டாக்டர்” என்றான். இவனுக்கு இருப்பது உணவுக் கோளாறு (ஈட்டிங் டிஸ்ஆர்டர்), சாப்பாடும் எடையும் மனதை ஆட்டிப்படைக்கும் நோய்.

போதிய சாப்பாடு இல்லாமல் ஓடினால் எலும்பில் ஏன் விரிசல் விழுகிறது என்று நான் இங்கே பாடம் எடுக்கப் போவதில்லை. வருமானத்துக்கு மேல் செலவு செய்யும் வீட்டில் முதலில் எதை நிறுத்துவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு ஆத்திரம் வருவது அந்த “நல்லாத்தானே சாப்பிடுறான்” மீதுதான். இந்த வருடம் இதை எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

நல்லா என்றால் என்ன? கோச்சின் அகராதியில் எண்ணெய் இல்லை, சர்க்கரை இல்லை, மாவுச்சத்து இல்லை, முட்டையில் மஞ்சள்கரு இல்லை. இவ்வளவு ‘இல்லை’களுக்குப் பிறகு தட்டில் மிச்சமிருப்பதற்குப் பெயர் ஒழுக்கம். அதே தட்டைப் பார்க்கும் எனக்குத் தெரிவது பயம். நண்பனின் பிறந்தநாள் கேக்கில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, அதைச் சரிக்கட்ட ராத்திரி பதினோரு மணிக்கு ஓடப்போகிறவனை ஒழுக்கமானவன் என்று சொல்லாதீர்கள். ஒழுக்கம் இருப்பவனால் ஒருநாள் அதைத் தளர்த்த முடியும். இவனால் முடியாது. ஆட்டத்துக்கு முந்தைய இரவு ‘நல்லா சாப்பிட்டுப் படு’ என்று நீங்களே சொன்னாலும் முடியாது. சோதித்துப் பார்க்க அது ஒன்றே போதும்.

சிலர் சொல்வது அளவை: “தட்டு நிறையச் சாப்பிடுறானே!” சாப்பிடுகிறான்தான். காலையில் ஜிம், மாலையில் களப்பயிற்சி, நடுவில் யாருக்கும் தெரியாமல் தனியாக ஓர் ஓட்டம். அத்தனைக்கும் அந்தத் தட்டு போதுமா என்று யார் கணக்குப் போட்டார்கள்? பசியே தெரியவில்லை என்று உண்மையாகவே நம்பும் பையன்களும் உண்டு. இன்னும் சிலர் எல்லோர் முன்னாலும் மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிடுவார்கள். அணியே கைதட்டும். அடுத்த கால்மணி நேரம் அவன் எங்கே போனான் என்று யாரும் தேடுவதில்லை.

இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் ஆண்ட்ரூ ஃப்ளின்டாஃப் நினைவிருக்கிறதா? 2005 ஆஷஸ் தொடரின் நாயகன், ஆஜானுபாகுவான ஆள். ஆடிய காலத்திலேயே தனக்குப் புலிமியா (அளவுக்கு மீறித் தின்றுவிட்டு, வாந்தி எடுத்தோ வேறு வழியிலோ அதைச் சரிக்கட்டும் நோய்) இருந்தது என்றும், பத்திரிகைகள் தன் எடையைக் கிண்டலடித்ததற்கு அதில் பங்கு உண்டு என்றும் 2020-இல் பிபிசி ஆவணப்படம் ஒன்றில் அவரே பேசினார். அத்தனை கேமராக்கள் மொய்த்த ஒரு மனிதருக்கே அதை மறைக்க முடிந்தது. உங்கள் பதினாறு வயது விங்கருக்கு முடியாதா?

அடுத்தது ‘இது பொம்பளைப் பிள்ளைகளுக்கு வர்ற நோய்’ என்பது. 1689-இல் ரிச்சர்ட் மார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர் அனோரெக்ஸியாவை (எடை கூடிவிடும் என்ற பயத்தில் பட்டினி கிடக்கும் நோய்) முதன்முதலாக விவரித்தபோது எழுதிய இரண்டு நோயாளிகளில் ஒருவன் 16 வயதுப் பையன். நாங்கள்தான் அவனை மறந்தோம். 2013 வரை, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டின்படி அனோரெக்ஸியா என்று சொல்லப் பெண்களுக்கு மாதவிடாய் நின்றிருக்க வேண்டும். கண்ணில் பட வேண்டிய அறிகுறியே பெண்ணுடையது என்றால், ஆணை யார் தேடுவார்கள்? பழைய கேள்வித்தாள் ஒன்று ‘என் தொடைகள் மிகப் பெரியவை என்று நினைக்கிறேன்’ என்பது எவ்வளவு பொருந்தும் என்று கேட்கிறது. ரக்பி ஆடுகிறவனிடம் அதைக் கொடுத்தால் ‘இல்லையே, இன்னும் பெருசாகணும்’ என்பான். நாமும் ‘பிரச்சினை இல்லை’ என்று குறித்துக்கொள்வோம். ஆனால் அவன் நோயே அந்தப் ‘பெருசாகணும்’ என்பதில்தான் இருக்கலாம். கல்லுப்போல உடம்பை வைத்துக்கொண்டு, நோஞ்சானாக இருக்கிறோம் என்று வெட்கப்பட்டுச் சட்டையைக் கழற்ற மறுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பட்டினி மனதை என்ன செய்யும் என்பதை நமக்குக் கற்றுக்கொடுத்த புகழ்பெற்ற ஆய்வும் ஆண்களை வைத்து நடந்ததுதான். 1944–45-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், உடலும் மனமும் திடமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் கிட்டத்தட்டப் பாதி உணவு கொடுத்தார். மெலிய வேண்டும் என்று அவர்கள் வந்து சேரவில்லை. ஆனாலும் கொஞ்ச நாளில் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள், தட்டை நக்கினார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள், எரிந்து விழுந்தார்கள், காம உணர்வை இழந்தார்கள். சிலர் பிற்பாடு நிறுத்த முடியாமல் தின்றார்கள். உங்கள் அணியில் ‘கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கான்’ என்று நீங்கள் சொல்லும் பையனை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

மல்யுத்தம், ஜிம்னாஸ்டிக்ஸ், குதிரைப் பந்தயம் என்றால் எல்லோரும் உஷாராக இருக்கிறோம். குழு ஆட்டத்தில்தான் அசட்டை. ஆனால் குழுவுக்கென்றே சில ஆபத்துகள் உண்டு. உங்கள் எடை இருபது பேருக்குத் தெரியும். பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும். இந்த சீசன் ‘எடை ஏத்து’ என்பார்கள், அடுத்த சீசன் ஆடும் இடம் மாறினால் ‘குறை’ என்பார்கள். ஓட்டப்பந்தயக்காரனுக்குக் கடிகாரம் தீர்ப்புச் சொல்லும். இங்கே பதினொன்றில் ஒருவனா, பெஞ்சா என்பது ஒருவரின் கண்ணைப் பொறுத்தது. அந்தக் கண் வயிற்றைப் பார்த்தால் பையனும் வயிற்றைத்தான் பார்ப்பான். காயத்தால் ஓய்வில் இருக்கும் வாரங்கள் எல்லாவற்றையும்விட மோசம். ‘ஓடலையே, அப்புறம் எதுக்குச் சாப்பாடு?’ என்று எலும்பு கூடவேண்டிய நேரத்தில்தான் தட்டைக் குறைப்பார்கள்.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, பெண் விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் என்று இருந்த பழைய வரையறையை விரித்து, ஆண்களையும் சேர்த்து ‘ரெட்-எஸ்’ (விளையாட்டில் செலவாகும் சக்திக்கு ஈடாகச் சாப்பாடு இல்லாததால் வரும் பாதிப்புகள்) என்று பெயரிட்டது 2014-இல். அதற்குப் பிறகும் இந்தப் பையனின் மூன்றாவது எலும்பு விரியும்வரை ஒருவரும் கேட்கவில்லை.

சக மருத்துவர்களுக்கும் பிசியோக்களுக்கும் ஒரு வார்த்தை. நாடித்துடிப்பு நாற்பதுக்குப் பக்கத்தில் இருந்தால் ‘அத்லெட் ஹார்ட்’ (பயிற்சியால் மெதுவாகத் துடிக்கும் ஆரோக்கியமான இதயம்) என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடாதீர்கள். பட்டினி கிடக்கும் இதயமும் அப்படித்தான் மெதுவாகத் துடிக்கும். எழுப்பி நிற்கவைத்து நாடியும் ரத்த அழுத்தமும் பாருங்கள், ஈசிஜி எடுங்கள். காலையில் ஆணுறுப்பு விறைப்பு வருகிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மாதவிடாய் பற்றிப் பெண்ணிடம் கேட்கிறோமே, அதைப் போலத்தான். டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) குறைவு என்று ரிப்போர்ட் வந்ததும் ஊசியைத் தேடாதீர்கள். அது தடை செய்யப்பட்ட பொருள் என்பது ஒருபுறம். பசிக்கு ஊசி மருந்தல்ல என்பது மறுபுறம். எடை ‘நார்மல்’, பொட்டாசியம் ‘நார்மல்’ என்பதை வைத்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

கோச்சுகளே, சுவரில் இருப்பதை இன்றைக்கே கிழியுங்கள். எடைக்கு அபராதம், எடைக்குக் கூடுதல் ஓட்டம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். உடல் கொழுப்பை அளந்தே ஆகவேண்டும் என்றால் காரணம் சொல்லி, சம்மதம் கேட்டு, தனியறையில், அணியைத் தேர்வு செய்யாத ஒருவர் அளக்கட்டும். வளரும் பையன்களுக்கு அதுவும் வேண்டாம். ‘சும்மா ஜோக்குக்குத்தான் சொன்னேன்’ என்று என்னிடம் வந்து சொல்லாதீர்கள். அந்த ஜோக்கின் தேதிகூட அவர்களுக்கு நினைவிருக்கிறது.

கூட ஆடும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். தனியாகச் சாப்பிடுபவன், சாப்பிட்டதும் காணாமல் போகிறவன், காய்ச்சலிலும் ஓடுபவன் யாராவது கண்ணில் பட்டால் ‘ஏன்டா சாப்பிட மாட்டேங்கிற’ என்று கேட்காதீர்கள். ‘கொஞ்ச நாளா நீ சரியில்லைன்னு தோணுது, என்னடா?’ என்று கேளுங்கள். முதல் முறை ‘ஒண்ணுமில்ல’ என்பான். விடாதீர்கள். மயக்கம், படபடப்பு, வாந்தியில் ரத்தம், சாவைப் பற்றிய பேச்சு இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வெகுநாள் பட்டினி கிடந்தவனுக்கு ஆசையாக ஒரேயடியாக ஊட்டிவிடவும் வேண்டாம், அது உயிருக்கே ஆபத்து. மருத்துவர், உணவியல் நிபுணர், மனநல நிபுணர் மூவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் இது. குணமாகும். சீக்கிரம் வந்தால் சீக்கிரம்.

நேற்று அந்தக் கோச் போன் செய்தார். பையன் எப்போது களத்துக்குத் திரும்பலாம் என்று கேட்டார். இந்த சீசன் கிடையாது என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, சுவரில் இருந்த பட்டியலைக் கழற்றிவிட்டதாகச் சொன்னார். மனதுக்கு நிறைவாக இருந்தது, நன்றி சொன்னேன்.

“பரவாயில்ல டாக்டர். இப்பல்லாம் வாட்ஸ்அப் குரூப்புலயே போட்டுடுறோம்.”